ராஜராஜ சோழன் மிளகாயே சாப்பிட்டதில்லை

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன் தன் வாழ்நாளில் ஒரு மிளகாயைக்கூடக் கடித்ததில்லை. தக்காளி ரசம் குடித்ததில்லை, உருளைக்கிழங்கு வறுவல் தின்றதில்லை, கடலை மிட்டாய் என்ற பேச்சே அவன் காதில் விழுந்திருக்காது. கோயில் வேலை முடிந்தது 1010-இல். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் அமெரிக்கக் கண்டங்களில் விளைந்தவை. 1492-இல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவை கடல் தாண்டக் கிளம்பின. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கி, அவருக்குப் பின்னால் போர்த்துகீசியக் கப்பல்கள் வரத் தொடங்கியதற்கு அப்புறம்தான் மிளகாய் நம் பக்கம் எட்டிப் பார்த்தது. அதுவரைக்கும் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு நம்மவர்கள் வைத்த பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது: மிளகு போலக் காரமாக இருக்கும் காய், மிளகாய்.

சரி, இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. வேலை கிடைக்காது, வட்டி குறையாது, குழம்பின் ருசியும் மாறாது. ஆனால் முதல் தடவை இதைக் கேட்டபோது நான் கையில் சோற்றோடு தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் பார்க்கிற தட்டுதான், அன்றைக்கு வேறு மாதிரி தெரிந்தது. மறுநாள் அலுவலகத்தில் மூன்று பேரிடம் சொன்னேன், மூன்று பேருமே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உள்ளே பார்த்தார்கள்.

இதைத்தான் துணுக்கு என்கிறோம். ஆங்கிலத்தில் ட்ரிவியா. புதிதாக இதில் ஆர்வம் வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்: துணுக்கு என்றால் என்ன, எது நல்ல துணுக்கு, எப்படிச் சொன்னால் எடுபடும், பொய்த் துணுக்கை எப்படிக் கண்டுபிடிப்பது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பொது அறிவு வேறு, துணுக்கு வேறு. தமிழ்நாட்டின் மாநில விலங்கு நீலகிரி வரையாடு என்பது பொது அறிவு. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், கேள்வித்தாளில் வந்தால் ஒரு மதிப்பெண். ஸ்காட்லாந்தின் தேசிய விலங்கு நெற்றியில் ஒற்றைக் கொம்பு உள்ள குதிரை, அதாவது உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு கற்பனை விலங்கு என்பது துணுக்கு. இதையும் கேள்வித்தாளில் கேட்கலாம்தான், ஆனால் நாம் அதற்காக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஒரு நாடு உட்கார்ந்து யோசித்து, இல்லாத விலங்கைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டதே என்று மனசு ஒரு துள்ளு துள்ளுகிறது பாருங்கள், அதற்காகத்தான்.

ட்ரிவியா என்ற சொல் வந்த வழியும் நமக்கு நன்றாகப் புரியக்கூடியது. லத்தீனில் ட்ரி என்றால் மூன்று, வியா என்றால் வழி. மூன்று வழி கூடுகிற இடம் ட்ரிவியம். அப்படியே நம்முடைய முச்சந்தி! முச்சந்தியில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், யார் வாயிலிருந்தும் எதுவும் வரலாம், அதனால் அந்தச் சொல் 'எங்கும் கிடைக்கிற சாதாரண விஷயம்' என்ற பொருளுக்கு நகர்ந்தது. தமிழில் துணுக்கு என்றால் சின்னத் துண்டு. பத்திரிகையில் ஒரு கதை பக்கத்தின் முக்கால் பாகத்தில் முடிந்துவிட்டால் மீதி இடத்தை நிரப்ப நான்கு வரியில் ஒரு தகவல் போடுவார்களே, அதுதான். தமிழ்வாணன் ஆசிரியராக இருந்த கல்கண்டு இதழ் இப்படிப்பட்ட துணுக்குகளுக்காகவே பெயர் வாங்கியது. கதையை விட்டுவிட்டு முதலில் துணுக்கைப் படிக்கிற வாசகர்கள் எத்தனையோ வீடுகளில் இருந்தார்கள்.

அப்படியானால் எந்த விசித்திரத் தகவலும் துணுக்கா? ஆகும், ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ரத்தம் நீல நிறம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் வாம்பேட் என்ற விலங்கின் புழுக்கை சதுரக் கட்டி கட்டியாக இருக்கும். குடலின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நெகிழாமல் சில இடத்தில் விறைப்பாகவும் சில இடத்தில் தளர்வாகவும் இருப்பதுதான் காரணம் என்று ஒரு குழு கண்டுபிடித்து, அதற்காக 2019-இல் வேடிக்கை ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் வாங்கியது. ரெண்டும் உண்மை, ரெண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் கேட்கிறவர் வாம்பேட்டைப் பார்த்ததில்லை, ஆக்டோபஸைத் தொட்டதில்லை. 'அப்படியா' என்று ஒரு நிமிஷம் வியந்துவிட்டு மறந்துபோவார். நல்ல துணுக்கு, அவர் கையில் ஏற்கெனவே இருக்கிற பொருளையே எடுத்துத் திருப்பிக் காட்ட வேண்டும். மிளகாய்த் துணுக்கு அத்தனை பேரிடமும் எடுபடுவது அதனால்தான்.

என்னிடம் இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது முந்திரி. ஒரு கல்யாணப் பந்தியில் இது நடந்தது. பக்கத்து இலையில் உறவுக்கார மாமா ஒருவர், கடலூர்ப் பக்கம் சொந்த ஊர். பாயசத்தில் முந்திரி மிதந்துகொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மாமா, முந்திரிக்கொட்டை பழத்துக்கு உள்ளே இருக்குமா, வெளியே இருக்குமா?"

"வெளியதான்டா தொங்கும். பண்ருட்டிக்காரன்கிட்டயே கேக்கிறியா நீ?"

"அந்தப் பழம் பழமே இல்லை, தெரியுமா மாமா? அது காம்பு. காம்புதான் பருத்து, சாறு கட்டி, பழம் மாதிரி ஆகிடுது. நிஜமான பழம் கீழே தொங்குற கொட்டைதான்."

பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த கை நின்றது. சின்ன வயதிலிருந்து முந்திரித் தோப்பில் வளர்ந்த மனிதர், ஆயிரம் பழம் தின்றிருப்பார். "அட, காம்பைத்தான் இத்தனை நாளும் சப்பிக்கிட்டு இருந்தேனா" என்றார். அப்புறம் அவர் முறை. பச்சைக் கொட்டையை எடுத்து நெருப்பில் சுடும்போது ஓட்டிலிருந்து ஒரு எண்ணெய் சீறும், அது பட்டால் தோல் வெந்துபோகும், அந்தக் கையோடு வாயைத் துடைத்துக்கொண்ட பையன்கள் எல்லோரும் உதட்டோரம் கறுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். அது எனக்குத் தெரியாத விஷயம். வீட்டுக்கு வந்து தேடினேன். முந்திரியும் மாமரமும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகிறதே, அதற்கும் முந்திரி ஓட்டு எண்ணெய்க்கும் உறவு இருக்கிறது. முன்பு துணி வெளுப்பவர்கள் அழியாத அடையாளம் போடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் இதே குடும்பம்தான். நான் ஒரு துணுக்கு கொடுத்தேன், மாமா வட்டியோடு திருப்பித் தந்தார்.

முந்திரி இதோடு முடியவில்லை. மரம் பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. அங்கத்திய துப்பி மொழிச் சொல் போர்த்துகீசியத்தில் கஜு ஆகி, இந்திக்கு காஜுவாகப் போய், இலங்கைத் தமிழர் பேச்சில் கஜு என்றே நின்றுவிட்டது. நாம் மட்டும் முந்திரி என்கிறோம். அந்த முந்திரி எங்கிருந்து வந்தது? தமிழில் முந்திரி என்றால் அதற்கு முன்பே திராட்சை. கொடிமுந்திரி என்று கேட்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் முந்திரிகை என்றால் திராட்சைதான், முந்திரி மரத்தை மரமுந்திரிகை என்று பிரித்துச் சொல்வார்கள். இன்னொரு முந்திரியும் இருக்கிறது, அது தின்கிற பொருளே இல்லை, எண். நம் பழைய பின்னக் கணக்கில் இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, நூற்று அறுபதில் ஒன்று அரைக்காணி, முன்னூற்று இருபதில் ஒன்று முந்திரி. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இந்த வாய்ப்பாட்டை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். பாயசத்தில் மிதக்கிற ஒரு பருப்புக்குள் பிரேசிலும் திராட்சையும் 1/320-உம் இருக்கிறதென்றால் அப்புறம் எப்படி வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவது?

எழுத்துகளிலும் இப்படி ஒன்று உண்டு. பள்ளியில் ங, ஙா, ஙி, ஙீ என்று பன்னிரண்டையும் எழுதிப் பழகியிருப்போம். அவற்றில் ங மட்டும் அங்ஙனம், இங்ஙனம் போன்ற ஒன்றிரண்டு சொற்களில் வரும், மற்றவை எந்தச் சொல்லிலும் வருவதில்லை. ஒளவையார் ஆத்திசூடியை எழுத்து வரிசைப்படி பாடிக்கொண்டு வந்தபோது ங-வுக்கும் ஒரு வரி வேண்டியிருந்தது. 'ஙப் போல் வளை' என்று வைத்தார். அதற்குப் பழைய உரை ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பவும் பிடித்த உரை: ங என்ற எழுத்து, எங்கும் பயன்படாத தன் வரிசை எழுத்துகளையெல்லாம் தன்னோடு சேர்த்துக் காப்பாற்றி நிற்பதுபோல, நீ உன் சுற்றத்தாரை அணைத்துக் காப்பாற்று. ஒரு சொல்லுக்கும் உதவாத பதினோரு எழுத்தை நம் மொழி இன்றுவரை கைவிடவில்லை.

துணுக்கு ஏன் மனதில் ஒட்டிக்கொள்கிறது என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களிடம் இப்படிப்பட்ட துணுக்குக் கேள்விகளைக் கேட்டு, பதில் தெரிந்துகொள்ள எவ்வளவு ஆவல் என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். பிறகு உடனே பதிலைச் சொல்லாமல் சில விநாடி காக்க வைத்து, அந்த இடைவெளியில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் முகத்தைத் திரையில் காட்டினார்கள். ஆவல் அதிகமாக இருந்த கேள்விகளின் பதில் நன்றாக நினைவில் நின்றது, அதில் அதிசயமில்லை; அந்த ஆவலான நேரத்தில் காட்டிய முகங்களும் சேர்ந்து நன்றாக நினைவில் நின்றன என்பதுதான் விஷயம். ஆவல் வந்துவிட்டால் மூளை கதவைத் திறந்துவைத்துக்கொள்கிறது, பக்கத்தில் நிற்பதும் உள்ளே வந்துவிடுகிறது.

ஆகவே துணுக்கை எடுத்த எடுப்பில் போட்டு உடைக்காதீர்கள். முதலில் கேள்வியாகக் கேளுங்கள், கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். 'வாழைப்பழம் தாவரவியல்படி பெர்ரி, ஸ்ட்ராபெர்ரி பெர்ரி கிடையாது' என்று சொன்னால் தலையாட்டுவார்கள். 'கத்தரிக்காய், வாழைப்பழம், ஸ்ட்ராபெர்ரி, இதில் எது பெர்ரி இல்லை?' என்று கேட்டுவிட்டு டீயை ஒரு வாய் குடியுங்கள், பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்ப்பார். அவர்கள் தப்பாகச் சொன்னால் அதை வெற்றியாகக் கொண்டாட வேண்டாம். கேட்டவரைச் சின்னவராக உணரவைத்தால் அவர் அந்தத் துணுக்கை வேறு யாரிடமும் சொல்ல மாட்டார். ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் ரெண்டு போதும். எதிரே இருப்பவர் மனக்கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு அருமையான துணுக்கு நாக்கு நுனியில் நின்றாலும் விழுங்கிவிடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். துணுக்கு உண்மையாக இருக்க வேண்டும். வேறு எந்தப் பயனும் இல்லாத தகவலில் உண்மையும் இல்லையென்றால் அப்புறம் அதில் மிச்சம் என்ன இருக்கிறது? நம் கைபேசிக்கு வருவதில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் விழுந்துவிடுகிறது என்பது என் அனுபவம். திருநள்ளாறுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்று போகின்றன, நாசாவே வியந்தது என்ற செய்தி வராத குடும்பக் குழு இருக்கிறதா? பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதை விழாமல் மேலே வைத்திருக்கிறது. நின்றால் மறுபடி கிளம்பாது, விழும். நாசா அப்படி எதுவும் சொன்னதும் இல்லை. தேவாரப் பாடல் பெற்ற தலம் அது, அதன் பெருமைக்கு இந்தக் கதையின் துணை தேவையே இல்லை.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது இதற்கு அண்ணன். எத்தனை பேர் அங்கே நின்றுகொண்டே இதைச் சொல்கிறார்கள்! காலையிலோ மாலையிலோ போய்ப் பாருங்கள், நிழல் முற்றத்தில் நீளமாகப் படுத்துக் கிடக்கும். எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், அதே கோயில் சுவரில் இதைவிடப் பல மடங்கு வியப்பான உண்மை வெட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. கோயிலில் ஆடுவதற்காக ராஜராஜன் பல ஊர்களிலிருந்து வரவழைத்த ஏறக்குறைய 400 பெண்களின் பெயரும், எந்தத் தெரு, எந்தச் சிறகு (அதாவது தெருவின் எந்தப் பக்க வரிசை), அதில் எத்தனையாவது வீடு என்ற விவரமும் கல்வெட்டில் வரிசையாக இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டு முகவரி! விழாத நிழலைவிட இது எவ்வளவு பெரிய விஷயம்.

சரிபார்க்க எனக்குப் பழகிப்போன வழியைச் சொல்கிறேன். 'நாசா அதிர்ச்சி', 'விஞ்ஞானிகள் வியப்பு' என்று ஆரம்பித்து, எந்த விஞ்ஞானி, எந்த வருஷம் என்று சொல்லாமல் முடிந்தால் அதை அங்கேயே நிறுத்திவிடுவேன். நம் கண்ணாலேயே பார்க்கக்கூடியதா என்று யோசிப்பேன், நிழல் அப்படிப்பட்டது. சம்பந்தப்பட்டவர் என்ன சொன்னார் என்று தேடுவேன். விண்வெளியிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று நாம் பாடமாகவே கேட்டு வளர்ந்தோம்; சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் 2003-இல் போய்விட்டு வந்து, தன் கண்ணுக்கு அது தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அச்சில் வந்ததனாலேயே உண்மை என்று நம்பப்படும் இந்த மாதிரிப் பொய்களுக்கு ஃபேக்டாய்டு என்று பெயர் வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் நார்மன் மெய்லர், 1973-இல். பிறகு அந்தச் சொல்லையே ஜனங்கள் சின்ன உண்மைத் தகவல் என்ற பொருளில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், அதுவும் ஒரு துணுக்குதான்.

சில துணுக்குகள் பொய் இல்லை, ஆனால் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கும். 'வெள்ளிக் கோளில் ஒரு நாள் ஒரு வருஷத்தைவிட நீளம்' என்பது அப்படி. வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 பூமி நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். அதுவரை சரி. ஆனால் அது தலைகீழ்த் திசையில் சுற்றுவதால், அங்கே நின்று ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை எண்ணினால் 117 நாள்தான் வரும். நாள் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் துணுக்கு கெடாது, இன்னும் ருசியாகும். அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும் என்பதும் கூடவே வந்துவிடும்.

சண்டை வந்தால் பயப்பட வேண்டாம். 1951-இல் அயர்லாந்தில் பறவை வேட்டைக்குப் போன இடத்தில், வேட்டையாடப்படும் பறவைகளில் ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறப்பது எது என்று ஒரு வாக்குவாதம் வந்தது. கின்னஸ் மதுபான நிறுவனத்தின் நிர்வாகி ஹியூ பீவர் எங்கே தேடியும் பதில் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட சண்டைகளைத் தீர்க்க ஒரு புத்தகம் போடலாம் என்று அவருக்குத் தோன்றியது. நாரிஸ், ராஸ் மெக்விர்ட்டர் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொகுத்து 1955-இல் முதல் கின்னஸ் சாதனைப் புத்தகம் வந்தது.

ஆரம்பிப்பதற்கு நூலகமெல்லாம் போக வேண்டாம், அடுப்படியே போதும். இன்று சாம்பார் கொதிக்கும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். துவரம்பருப்பு, மஞ்சள், கடுகு, முருங்கைக்காய், கத்தரிக்காய் எல்லாம் ராஜராஜனுக்குத் தெரியும். தக்காளி தெரியாது, காய்ந்த மிளகாய் தெரியாது, பீன்ஸ் போட்டிருந்தால் அதுவும் தெரியாது. கடைசியில் போடுகிற பெருங்காயம் இருக்கிறதே, அதை வீட்டில் இருப்பவர்களிடம் கேள்வியாகவே கேளுங்கள்: நம் நாட்டில் இதை எப்போதிலிருந்து பயிரிடுகிறார்கள்? நூறு வருஷம், ஆயிரம் வருஷம் என்பார்கள். தலைமுறை தலைமுறையாக ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். இங்கேயே விளைவிக்கலாம் என்று இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் அரசு விஞ்ஞானிகள் முதல் நாற்றை நட்டது 2020 அக்டோபரில்.